தீர்ப்பு பறித்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறது? டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸ் சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் என்று உங்கள் தொகுதிகளில் குடியேறி, குடியுரிமை பெற்று, உங்களுக்கு வாக்களிக்கும் தமிழர்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும்.

குடும்ப வன்முறைக்காகப் பாதுகாப்பு ஆணை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை போன ரஹிமி வழக்கு நம் மாநிலத்தில் பிறந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசம்பரில் ஆர்லிங்டன் நகரத்து வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ரஹிமி என்ற அந்த ஆள் தன் குழந்தையின் தாயைக் காருக்குள் இழுத்துத் தள்ளினான்; அவள் தப்பி ஓடும்போது துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். வெளியே சொன்னால் அவளைச் சுட்டுவிடுவதாகப் பிறகு தொலைபேசியில் மிரட்டினான். 2020 பிப்ரவரியில் அவளை மிரட்டவோ நெருங்கவோ கூடாது என்று அவனுக்கு எதிராக நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை பிறந்தது. கைத்துப்பாக்கி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்த ஐந்து துப்பாக்கிச்சூடுகளில் அவன்மீது சந்தேகம் விழுந்தது. அவற்றில் ஒன்று, உணவகத்தில் நண்பனின் கிரெடிட் கார்டு ஏற்கப்படவில்லை என்ற கோபத்தில் வானத்தை நோக்கிச் சுட்டது. போலீசார் வீட்டைச் சோதித்தபோது ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைபிள், தோட்டாக்கள் கிடைத்தன. அந்தப் பாதுகாப்பு ஆணையின் நகலும் அங்கேயே இருந்தது.

ஆணையும் ஆயுதமும் ஒரே வீட்டில் குடியிருந்தன. நான் உங்களிடம் பேச வந்தது இதைப் பற்றித்தான். ஆனால் அவன் உரிமை பற்றி நடந்த பெரிய விவாதத்தைத் தாண்டித்தான் இதற்கு வர முடியும்.

பாதுகாப்பு ஆணை இருக்கும்போது துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அவன்மீது வழக்குப் பாய்ந்தது. 2023இல் டெக்சாஸுக்கும் பொறுப்பான கூட்டாட்சி நீதிமன்றமான ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டம் செல்லாது என்று அவன் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் அதற்கு நாட்டின் பழைய சட்ட மரபில் வேர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் வகுத்த அளவுகோலை வைத்துக்கொண்டு, அப்படியொரு வேர் தென்படவில்லை என்றது. ஆயுத உரிமையைத் தரும் இரண்டாம் திருத்தம் ஏற்கப்பட்ட 1791இல் மனைவியை அடிப்பவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கும் சட்டம் இல்லாததில் என்ன வியப்பு? அன்றைய மனைவிக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவே பெரும்பாலும் உரிமை இல்லை. நல்லவேளையாக 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இன்னொருவர் உயிருக்கு நம்பத்தக்க அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்றது.

அது பாதுகாப்பு ஆணை பற்றியது. தண்டனை பெற்றவர்களுக்குத் தனியே ஒரு சட்டம் உண்டு. 1996இல் நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கொண்டுவந்த திருத்தம், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் (misdemeanor) தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்கிறது. போலீஸ்காரருக்கும் படைவீரருக்கும் பணிநேரத்தில்கூட விலக்கு இல்லை.

இதை எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்று மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. 2016 பிப்ரவரியில், பத்தாண்டுகளாக வாதங்களின்போது கேள்வியே கேட்காமல் இருந்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் வாய் திறந்தார். ஒரு சிறுகுற்றத்துக்காக அரசியலமைப்பு உரிமை ஒன்று பறிபோகும் வேறு இடம் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வழக்குகள் எப்படிச் சிறுகுற்றம் ஆகின்றன என்பதைக் கீழ்நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சாட்சி சொல்ல வேண்டியவள் குற்றவாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவள். அவள் பின்வாங்குகிறாள், அல்லது பின்வாங்க வைக்கப்படுகிறாள். அரசுத் தரப்பு கிடைத்தவரை போதும் என்று குறைந்த குற்றத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்து வழக்கை முடிக்கிறது. தெருவில் அந்நியர் ஒருவரை அதே அடி அடித்திருந்தால் பெருங்குற்றமாகப் பதிவாகியிருக்கக்கூடியது இங்கே சிறுகுற்றமாகிறது. லாட்டன்பெர்க் அடைக்க நினைத்த ஓட்டை இதுதான்.

ஆகவே, இவர்கள் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் கூடாது என்பதே. சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் சொன்னதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

நம் மாநிலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தினரைத் தாக்கி ஏ பிரிவுச் சிறுகுற்றத்தில் தண்டனை பெற்றவர், சிறையிலிருந்தோ நன்னடத்தைக் கண்காணிப்பிலிருந்தோ விடுபட்டு ஐந்தாண்டுகள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆறாம் ஆண்டு மாநிலச் சட்டத்துக்கு அவர் மீது எந்தக் குறையும் இல்லை. கூட்டாட்சிச் சட்டத்துக்கோ அவர் இன்னும் குற்றவாளி. ஊர்ப் போலீசார் கையில் இருப்பது மாநிலச் சட்டப் புத்தகம். அந்த ஆறாம் ஆண்டில் ஒரு பெண் 911ஐ அழைத்தால், வாசலுக்கு வரும் காவலர் மேசைமேல் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்து எந்தப் பிரிவில் வழக்கெழுதுவார்?

இன்னொன்று இதைவிட மோசம். தண்டனை விதிக்கும் நீதிபதி, இனி நீ துப்பாக்கி வைத்திருப்பது சட்டவிரோதம் என்று குற்றவாளிக்கு அறிவிக்க வேண்டும் என நீங்கள் சட்டம் இயற்றியிருக்கிறீர்கள். அறிவித்தாகிவிட்டது. பிறகு? எத்தனை நாளுக்குள், யாரிடம், எங்கே ஒப்படைப்பது, ஒப்படைத்ததற்கு என்ன சான்று, ஒப்படைக்காவிட்டால் யார் போய்க் கேட்பது என்று மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் ஒரு நடைமுறை இல்லை. ஏட்டுச் சுரைக்காய்.

நீதிமன்றங்களில் தமிழ்ப் பெண்களுக்குத் துபாஷியாக உடன் போகிறவள் நான். ஒரு விசாரணை முடிந்து நடைபாதையில் நின்றபோது ஒரு பெண் என்னிடம், "அக்கா, அலமாரியில் இருக்கிற அதை யார் வந்து எடுத்துப் போவார்கள்?" என்று கேட்டாள். வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் எழுத்தரைக் கைகாட்டினார். எழுத்தர் ஷெரிப் அலுவலகத்தைக் கைகாட்டினார். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன மொழிபெயர்ப்பது?

அவள் கேட்டது வீண் பயத்தில் அல்ல. அமெரிக்காவின் 11 நகரங்களில் நடத்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஜாக்குலின் கேம்பெல் குழுவின் ஆய்வு, அடிக்கும் துணைவன் கையில் துப்பாக்கி எட்டும்போது அவள் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று கண்டது. அபாயம் மிகக் கூடுவது அவள் பிரியும்போதுதான். நீதிமன்றப் படியேறும் நாள் என்பது பிரியும் நாள்தானே.

செய்ய முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். டாலஸ் கவுண்டி 2015லேயே குடும்ப வன்முறை வழக்குகளில் துப்பாக்கிகளை வாங்கிப் பாதுகாத்து வைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. டெக்சாஸில் கவுண்டிகள் 254. ஒரு பெண்ணின் உயிர் அவள் எந்தக் கவுண்டியில் வீடு எடுத்தாள் என்பதைப் பொறுத்தா இருக்க வேண்டும்?

ஆவணம் ஓரிடத்தில் தேங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 5, சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த அவளுடைய மகனையும் தாக்கியதற்காக 2012இல் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன் அவன். குழந்தையின் மண்டையோடு உடைந்திருந்தது. அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. கடைக்காரர் பின்னணிச் சோதனை செய்தார், திரையில் தடை ஏதும் வரவில்லை, துப்பாக்கியை விற்றார். ஞாயிறு வழிபாட்டில் இருந்தவர்களில் 26 பேர் மாண்டார்கள், வயிற்றிலிருந்த ஒரு சிசுவையும் சேர்த்து. அந்தத் தேவாலயம் அவன் மாமியார் வழிபடச் சென்றுவந்த இடம். 2023இல் கூட்டாட்சி அரசின் நீதித்துறை (Department of Justice) 144.5 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை முடித்தது. குடும்ப வன்முறை என்பது அவர்கள் வீட்டு விவகாரம் என்று பேசும் உறுப்பினர்கள் அந்த ஊருக்கு ஒருமுறை போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நம் தமிழர்களிடமும் ஒரு வார்த்தை. துப்பாக்கி அமெரிக்கர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று இருக்கிறோம். எச்-1பி விசாவில் இருப்பவருக்குத் துப்பாக்கி வாங்கப் பொதுவாகத் தடை உண்டு. கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது. வார இறுதியில் சுடும் பயிற்சிக்குப் போவது நம்மவர்களிடையேயும் பரவிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் குடும்ப வன்முறைத் தண்டனை குடியுரிமை இல்லாதவரை நாடுகடத்தவும் காரணமாகும். கணவன் விசாவை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும் மனைவி புகார் தரும்முன் தன் பிழைப்பையும் பிள்ளைகள் படிப்பையும் சேர்த்து எடைபோடுகிறாள். அத்தனையையும் மீறி அவள் புகார் கொடுத்த பிறகும் துப்பாக்கி அலமாரியிலேயே இருக்குமென்றால், அடுத்தவள் வாய் திறக்க மாட்டாள்.

ஆயுள் முழுக்கத் தடை என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. இருபது ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தவருக்கு மனுச் செய்ய ஒரு வாசல் இருக்கட்டும். அது திறந்த நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்டவளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, நீதிபதி காரணம் எழுதும் வாசலாக இருக்கட்டும். 2025இல் வாஷிங்டனில் நடந்ததைப் பார்த்தோம். முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2011இல் தண்டனையை ஏற்றுக்கொண்டவர் நடிகர் மெல் கிப்சன். அவருக்குத் துப்பாக்கி உரிமையைத் திருப்பித் தரப் பரிந்துரைக்க மறுத்த கூட்டாட்சி நீதித்துறையின் மன்னிப்புப் பிரிவு வழக்கறிஞர் எலிசபெத் ஓயர் பதவி இழந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது நீதித்துறை. அடுத்த மாதமே கிப்சனுக்கு உரிமை திரும்பியது. நண்பர்கள் உள்ளவர்களுக்குத் திறக்கும் கதவை நான் கேட்கவில்லை.

உங்கள் 90ஆவது பேரவை 2027 ஜனவரியில் கூடுகிறது. உங்களுக்கு இருப்பது 140 நாள். தண்டனையோ பாதுகாப்பு ஆணையோ பிறந்த 48 மணி நேரத்துக்குள் துப்பாக்கியை ஷெரிப்பிடமோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, ரசீதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் எழுதுங்கள். ரசீது வராவிட்டால் அதைத் தேடிப் போகும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சிறிய கவுண்டிகளுக்குச் சேமிப்பறை கட்டப் பணம் ஒதுக்குங்கள். அந்த ஐந்தாண்டு வரம்பைக் கூட்டாட்சிச் சட்டத்தோடு பொருத்துங்கள்.

தேர்தல் முடிந்து வரும் முதல் திங்கட்கிழமையிலிருந்தே மசோதாக்களை முன்கூட்டிப் பதியலாம் என்பது உங்கள் விதி. வாக்குக் கேட்டு எங்கள் தமிழ்ச் சங்க விழாக்களுக்கு வருகிறீர்கள், பொன்னாடை போர்த்திக்கொள்கிறீர்கள். இந்த முறை வரும்போது அந்த மசோதாவில் கையெழுத்திடுவீர்களா மாட்டீர்களா என்பதை மேடையிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
டாலஸ் புறநகரில் வாழும் உங்கள் வாக்காளர் ஒருத்தி