சாலையைக் கடக்க 30 வினாடி வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்: சந்திப்பை ஒட்டிய தெருவில் வசிப்பவர், கோயம்புத்தூர்.

பெறுநர்: உயர்திரு போக்குவரத்துப் பொறுப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: அவிநாசி சாலையில் எங்கள் சந்திப்பில் பாதசாரிகளுக்கான சிக்னல் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய இரு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் சந்திப்பு என்பதால் இடத்தை விளக்கத் தேவையில்லை.

1. நகரில் பல இடங்களில் செய்ததுபோல், எங்கள் சந்திப்பிலும் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் அமைக்கப்பட்டது. வாகனங்கள் நில்லாமல் செல்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சிவப்பு விழுந்த நேரத்தில்தான் நாங்கள் கடந்துகொண்டிருந்தோம் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2. ரேஷன் கடை எதிர்ப்புறம் உள்ளது. என் தாயாருக்கு வயது 72, மூட்டு வலி. சென்ற மாதம் பருப்பும் சர்க்கரையும் வாங்கித் திரும்பியவர், பாதிச் சாலையைக் கடந்தபின் மேற்கொண்டு வர முடியாமல் நடுத் தடுப்பை ஒட்டி நின்றுவிட்டார். பையைக் கால்களுக்கிடையே வைத்து, ஒரு கையால் தடுப்பைப் பிடித்து, பேருந்து உரசிப் போகும்போதெல்லாம் மறு கையால் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றதை நான் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னாலும் அவரிடம் போக முடியவில்லை. உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஒருவர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கை காட்டியதால்தான் அவர் வீடு வந்து சேர்ந்தார். அரசு செய்ய வேண்டிய வேலையை அந்தப் பிள்ளை செய்தார், ஐயா. அன்று முதல் தாயார் தனியே வெளியே போவதில்லை.

3. சிக்னல் நேரத்தைக் கணக்கிட வினாடிக்கு 1.2 மீட்டர் நடைவேகம் கொள்வது வழக்கம். என் தாயாரால் அதில் பாதி வேகத்தில்கூட நடக்க இயலாது. என்றாலும் நடுத் தடுப்பு வரை பாதிச் சாலையைக் கடக்க 30 வினாடி போதும்.

4. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அந்த உரிமை சாலையோரத்தோடு முடிந்துவிடுமா? முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது; இரண்டாவதற்கு அதுவும் இல்லை. நடைமேம்பாலம் கட்டுவோம் என்ற பதில் மட்டும் வேண்டாம். படியேற முடியாதவர்களுக்காகவே இம்மனு.

ஆகவே, பொத்தானை அழுத்தினால் வாகனங்கள் நிற்கும் சிக்னல் ஒன்றும், நடுத் தடுப்பில் சாலை மட்டத்திலேயே ஒரு வழியும் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரை காலையிலும் மாலையிலும் ஒரு காவலரையாவது நிறுத்துங்கள். மாலை ஆறு மணிக்கு வாகனத்திலிருந்து இறங்கி ஒருமுறை நடந்து கடந்து பாருங்கள். அந்த 30 வினாடியை எங்களுக்குத் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.