அம்மாவைத் திட்டாதே

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்கழி

அன்புத் தோழிக்கு,

நலமா? இங்கே மழை விட்டுவிட்டது, கெடிலத்தில் மட்டும் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. போன வாரம் புதுச்சேரி போனபோது முத்தியால்பேட்டைக்கும் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டி வலி தவிர நன்றாகத்தான் இருக்கிறார். உன் அண்ணன் பிரான்சிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறாராம். யார் வண்டி நின்றாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறார். எனக்கோ அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் அத்தையை உனக்குத் தெரியும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு முந்தின வாரம் அவருக்கு ஒரு போன். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் யாரோ வங்கிக் கணக்குத் தொடங்கிக் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். நல்ல தமிழாம், வாய்க்கு வாய் ‘அம்மா’தானாம். நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், போனை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் மகன் பெயரையும் வழக்கில் சேர்ப்போம் என்று மிரட்டியிருக்கிறான்.

அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே இதைப் பற்றி வானொலியில் எச்சரித்தார். அத்தை அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தவர்தான். படித்திருந்தும் அந்த நேரத்தில் அது கைகொடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் பண்டிகைக்கு வந்து இறங்கினார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டே, பக்கத்து அறையில் போனை அணைக்காமல் வைத்துவிட்டு, ஒருவரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். வீடு நிறைய மனிதர்கள், அவர் மட்டும் தனியாக. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

காப்பாற்றியது வங்கியில் இருந்த ஒரு பெண். வைப்புத்தொகையை முறிக்க வேண்டும் என்று போய் நின்றிருக்கிறார் அத்தை. எதற்கு என்று கேட்டால் வீட்டு வேலைக்கு என்று சொல்லும்படி அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அப்படியே சொன்னார். ஆனால் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, மகனுக்குப் போன் போட்டாள். பணம் போகவில்லை.

நான் வருத்தப்படுவது அதற்குப் பிறகு நடந்ததற்காக. ‘படிச்ச நீயே இப்படி ஏமாறலாமா’ என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஸ்மார்ட்போனைப் பிடுங்கி பட்டன் போன் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர், யாராவது கேட்பார்கள் என்று இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. இனி இன்னொருவன் கூப்பிட்டாலும் அத்தை நம்மிடம் சொல்லமாட்டார். அவன் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வாயை அடைத்தான். இவர்கள் திட்டியே அந்த வாயை அடைத்துவிட்டார்கள்.

அதனால்தான் உன் அம்மாவிடம் பயமுறுத்துகிற மாதிரி எதுவும் பேசவில்லை. பார்சலைப் பற்றி மட்டும் பேசினோம். தபாலில் வந்து வரி ஏதாவது இருந்தால் போஸ்ட்மேன் கொண்டுவரும்போது கட்டிக்கொள்ளலாம். டில்லி விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருக்கிறது, உடனே ஜிபே பண்ணுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட வேண்டும். அப்பாவின் சொல்தா பென்ஷனுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷனுக்கு, உயிர்வாழ் சான்று கேட்டு யாராவது ஓடிபி எண் கேட்டாலும் அப்படித்தான். நம் மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் சான்று கொடுப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து, பென்ஷன் நின்றுவிடும் என்று மிரட்டிக் கூப்பிடுகிற கூட்டமும் இருக்கிறது. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் (PIN) போடவே தேவையில்லை, போட்டால் நம் பணம்தான் போகும் என்பதை அம்மாவே ஒரு ரூபாய் அனுப்பியும் வாங்கியும் பார்த்துப் புரிந்துகொண்டார்.

இப்போது குரலையும் அச்சாகச் செய்துவிடுகிறார்கள். அண்ணன் குரலில் ‘விபத்து, பணம் அனுப்பு’ என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கடைசியா வந்தப்போ நான் என்ன சமைச்சுப் போட்டேன்னு கேப்பேன்’ என்றார். இதைவிட நல்ல சங்கேதச் சொல் நமக்குத் தோன்றியிருக்காது. அண்ணனிடம் சொல்லி வை, திடீரென்று கேட்டால் விழிக்கப் போகிறார்!

காலண்டர் அட்டையில் 1930 என்று சைபர் மோசடிப் புகார் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். போன பணத்தை அவர்கள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சீக்கிரம் சொன்னால் எங்காவது ஒரு கணக்கில் முடக்க வழியுண்டு. வெட்கப்பட்டு ஒருநாள் தாமதித்தால் அநேகமாகக் கிடைக்காது. திட்டு வாங்குவோமோ என்ற பயம்தான் அந்த ஒருநாளைத் தின்கிறது. அதனால் எத்தனை ரூபாய் போனாலும் கோபப்படமாட்டேன் என்று நீ உன் வாயால் அம்மாவிடம் சொல்லு. நான் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றாகாது. போனையும் பிடுங்காதே. பிரான்சில் இருக்கும் பேத்தி முகத்தை அவர் அதில்தான் பார்க்கிறார்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. பென்ஷன் விழுகிற கணக்கிலேயே ஜிபேயும் இருக்கிறது. வேறொரு கணக்குத் தொடங்கி, செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, போனை அதோடு இணைத்துவிட்டால் நல்லது. அதற்கு அம்மா நேரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பொங்கலன்று வந்தால் வங்கி மூடியிருக்கும், போகிக்கு முந்தின நாளே வந்துவிடு. நானும் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிடுகிறேன், மூவருமாகப் போய் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் தோழி