வெலிக்கடைச் சிறை மதிலோரம் ஒரு பலகை வேணும் – கோரிக்கை மனு

சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் அவர்கள்,
சிறைச்சாலைகள் தலைமையகம்,
பேஸ்லைன் வீதி, கொழும்பு 09.

விஷயம்: 1942 ஓகஸ்டில வெலிக்கடையில தூக்கில போட்ட மூண்டு இலங்கை ஆமிக்காரரைப் பற்றி ரோட்டுப் பக்கம் மும்மொழியில ஒரு பலகை வைக்கிறது சம்பந்தமா

மதிப்புக்குரிய சேர்,

நான் கொட்டாஞ்சேனையில ஓஎல் (சாதாரண தர) பிள்ளையளுக்கு வரலாறு ரியூசன் குடுக்கிறன். போன மாசம் 1857 சிப்பாய்க் கலகத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க பின் வாங்கில இருந்த ஒரு பெடியன் எழும்பி, சேர் எங்கட நாட்டு ஆமிக்காரர் ஒருத்தரும் வெள்ளைக்காரனுக்கு எதிரா துவக்கைத் திருப்பினதே இல்லையா எண்டு கேட்டான். இருக்கு எண்டு சொன்னன். எங்க சேர் எண்டான். நடந்தது கடலுக்கு அங்கால, முடிஞ்சது நீ ஒவ்வொரு நாளும் பஸ்ஸில தாண்டிப் போற பேஸ்லைன் ரோட்டில எண்டன். வகுப்பு முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்துது, அதுக்குப் பிறகுதான் இந்த மனு எழுத யோசிச்சன்.

சேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் மனு எண்டபடியா சுருக்கமா எழுதுறன். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துது, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டான், நாலு நாளில திருகோணமலையில போட்டான். வெள்ளைக்காரன் இனி நிலைக்க மாட்டான் எண்ட எண்ணம் கன பேருக்கு வந்த நேரம் அது. அந்த நேரம் இந்து சமுத்திரத்துக்கு நடுவில கொக்கோஸ் தீவுகள்ல எங்கட பெடியள் காவல் நிண்டவங்கள். டிரெக்‌ஷன் தீவில கடலடித் தந்திக் கேபிள் ஸ்டேஷன், அதுக்கு இலங்கை இலகு காலாட்படை. ஹொர்ஸ்பர்க் தீவில ரெண்டு ஆறு அங்குல பீரங்கி, அதுக்கு இலங்கை கரிசன் ஆட்டிலறி எண்ட பீரங்கிப் படை, கப்டன் கார்டினர் எண்ட வெள்ளைக்காரர் பொறுப்பு. அவங்களுக்கு முதலே மார்ச் மாசம் கிறிஸ்மஸ் தீவில இந்தியச் சிப்பாய்கள் தங்கட வெள்ளை மேலாக்களைக் கொன்றுட்டு நிண்டவங்கள், அந்த மாசக் கடைசியிலேயே ஜப்பான்காரன் வந்து இறங்கிட்டான்.

மே 8 இரவு ஹொர்ஸ்பர்க்கில பொம்பார்டியர் (பீரங்கிப் படைக் கோப்ரல்) கிரேஷன் பெர்னாண்டோ ஆக்கள் கலகத்துக்குக் கிளம்பிட்டினம். வெள்ளைக்காரன்ட ஆட்சியை எதிர்த்த இடதுசாரிச் சமசமாஜக் கட்சிக்காரர்ட கதையள் அந்தக் காலம் பெடியள்ட மண்டையில நல்லா ஊறியிருந்துது எண்டு சொல்லுவினம். கார்டினரையும் லெப்டினன்ட் ஸ்டீபன்ஸையும் பிடிக்கிறது, சேராத ஆக்கள்ட ஆயுதத்தைப் பறிக்கிறது, பீரங்கியை டிரெக்‌ஷன் தீவுப் பக்கம் திருப்புறது, கிறிஸ்மஸ் தீவில இருக்கிற ஜப்பான்காரனுக்கு சிக்னல் குடுக்கிறது, இதுதான் திட்டம். திட்டம் எல்லாம் சரி, கையில இருந்த தானியங்கித் துவக்கு ஒரே ஒரு பிரென் கண், ஆக்களுக்குச் சண்டை அனுபவமும் இல்ல. கார்டினரை நேருக்கு நேர் குறி வச்சிட்டு பெர்னாண்டோ விசையை அமத்தேக்க அது இறுகிப்போய் வெடிக்கேல்ல. முழுக் கலகமும் அந்த இடத்திலதான் சறுக்கினது. விடியிறதுக்கிடையில அடக்கிப்போட்டாங்கள். ஸ்டீபன்ஸுக்குக் காயம், கலகத்தில சேராத கன்னர் (பீரங்கிச் சிப்பாய்) சாமுவேல் ஜயசேகர செத்துப்போனார்.

தன்னைக் கொழும்பில வச்சுத்தான் விசாரிக்க வேணும் எண்ட நிபந்தனையோடதான் பெர்னாண்டோ சரணடைஞ்சவர். எங்கட சனத்துக்கு முன்னால நிண்டு பேச நினைச்சாரோ தெரியாது. அதுக்கு விடேல்ல, ஒரு கிழமைக்குள்ள அந்தத் தீவிலேயே இராணுவ நீதிமன்றம் வச்சு ஏழு பேருக்கு மரண தண்டனை எண்டு தீர்த்துப்போட்டுத்தான் கொழும்புக்குக் கொண்டுவந்தாங்கள். நாலு பேருக்குக் குறைச்சு சிறை. மிச்சம் மூண்டு பேர். ஓகஸ்ட் 5 வெலிக்கடையில கிரேஷன் பெர்னாண்டோவைத் தூக்கில போட்டாங்கள், அடுத்த சில நாளுக்குள்ள கார்லோ கோடர், ஜி. பி. டி சில்வா. பெர்னாண்டோ கருணை கேட்கேல்ல. வெள்ளைக்காரன்ட காலுக்குக் கீழ கிடக்கிற நாட்டுக்கு விசுவாசமா இருக்கிறதுதான் துரோகம் எண்டு கடைசியாச் சொன்னதாப் பதிவு இருக்கு. இரண்டாம் உலக யுத்தத்தில கலகம் செய்ததுக்காக உயிரை எடுத்த பொதுநலவாய நாட்டு ஆமிக்காரர் இவை மூண்டு பேர் மட்டும்தான் சேர்.

இவையளை தெய்வமாக்கிச் சிலை வைக்கச் சொல்லி நான் கேட்கேல்ல. அண்டைக்கு அவங்கள் வெண்டிருந்தா கொக்கோஸ் தீவுகள் ஜப்பான்காரன்ட கைக்குப் போயிருக்கும், ஜப்பான்காரன் சிங்கப்பூரில, மலாயாவில எங்கட சனத்துக்கு என்ன செய்தவன் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதோட செத்த ஜயசேகரவும் எங்கட ஆள்தானே. அதால பலகையில நாலு பேரும் இருக்க வேணும், பிரென் கண் இறுகினது கூட இருக்கட்டும், நடந்தது நடந்தபடி.

இன்னொண்டையும் மறைக்காமச் சொல்லுறன். வெலிக்கடை எண்டு சொன்னா எங்கட வீடுகள்ல முதல்ல வாயில வாறது 83 ஜூலைதான், ரெண்டு நாள்ல 53 தமிழ்க் கைதிகளை உள்ளுக்க வச்சுக் கொன்றது. இதில கையெழுத்துக் கேட்டுப் போன ஒரு அம்மா, தம்பி அந்த மதில்ல போர்ட் வைக்கிறதெண்டா எங்கட பிள்ளையளுக்கு எப்ப வைப்பாங்கள் எண்டு கேட்டவ. எனக்கு மறுமொழி வரேல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு கையெழுத்தைப் போட்டுத் தந்தவ, அந்தக் கேள்வியையும் இதில சேர்த்து எழுதச் சொன்னவ, சேர்த்திருக்கிறன்.

ஆகவே சேர், நான் கேட்கிறது இதுதான். மதிலுக்கு வெளியில, பார்சல் பையோட ஆக்களைப் பார்க்க வந்து வெயில்ல நிக்கிற சனம் வாசிக்கக்கூடிய உயரத்தில சிங்களம், தமிழ், இங்கிலிஸ் மூண்டிலயும் ஒரு பலகை. உங்கட பழைய பதிவேடுகள்ல 1942 ஓகஸ்ட் பக்கங்கள் இருந்தா அதின்ட பிரதி ஒண்டு தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனா படிக்கிற பிள்ளையளும் பார்க்கலாம். காசு பிரச்சினையெண்டா நாங்கள் சேர்த்துத் தாறம்.

தமிழ் எழுத்தை மட்டும் தயவுசெய்து பலகை அடிக்க முதல் ஒருக்கா காட்டுங்கோ. அரசாங்கப் பலகையள்ல தமிழ் படுற பாட்டை நான் சொல்லத் தேவையில்ல, செத்தவன்ட பேரிலயும் எழுத்துப் பிழை விட்டா நல்லா இருக்காது. இதே விஷயமா முந்தி வேற ஒரு ஒபிஸுக்கு எழுதி அஞ்சு மாசம் கழிச்சு, இது எங்கட வேலை இல்ல எண்டு ரெண்டு வரி சிங்களத்தில மட்டும் வந்துது. இந்த மனு தமிழில எழுதினபடியா பதிலும் தமிழில அனுப்பினாப் பெரிய உதவி.

சனி ஞாயிறு எனக்கு வகுப்பு, மற்ற நாள் எப்ப கூப்பிட்டாலும் வருவன். கையெழுத்துப் பட்டியல் இதோட இணைச்சிருக்கிறன், அந்தப் பின் வாங்குப் பெடியன்ட பேரும் அதில இருக்கு.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வரலாறு வகுப்பு ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும்
கொழும்பு 13