பட்டாளத்துப் பெட்டிகளுக்கு ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

ஊர்மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன தை மாதம் நம் ஊர் ஆச்சி ஒருவர் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள், 1914, 1918 என்று வருஷம். முதல் உலகப் போருக்குப் போன அவர்கள் மாமனாருக்கு வந்தது.

இந்தப் பதக்கத்தின் விளிம்பில்தான் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஆச்சி வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை விபூதி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். ராஜாவின் மூக்கு மழுங்கிவிட்டது. விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பெயரில் கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம். மரியாதைக்காகச் செய்தது, அவர்களை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி எங்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. இன்னும் எத்தனை பெயர் இப்படித் தேய்ந்துகொண்டிருக்கிறதோ, எத்தனை பதக்கம் உருக்கிக் கொலுசாகப் போனதோ!

அதனால்தான் வாசகசாலை மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். பட்டாளத்துக்காரர் வீடுகளில் இருக்கும் பதக்கம், டிஸ்சார்ஜ் புத்தகம், கடிதம், சீருடை, பரணில் கிடக்கும் வாள், வேல்கம்பு, வளரி என்ற வளைந்த எறி ஆயுதம் எல்லாவற்றையும் அங்கே பாதுகாக்கப் போகிறோம். எதையும் விலைக்கு வாங்க மாட்டோம். பொருள் உங்கள் வீட்டுச் சொத்தாகவே இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டு இரவலாகத்தான் பெறுவோம்.

வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் 'கட்டபொம்மன் காலத்து வாள்' என்று கொண்டுவந்து விலை சொன்னார். துரு ஒரே சீராகச் செங்கல் நிறத்தில் இருந்தது, விரலில் ஒட்டியது. பல வருஷத் துரு கறுத்து, இரும்போடு இறுகி, அங்கங்கே குழி விழுந்திருக்கும். அப்புறம் கைப்பிடிக்கு அடியில் பார்த்தால் வெல்டிங் பொட்டு! கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு நமக்குக் கூப்பிடு தூரம். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்த பிறகு, கம்பெனிக்காரர்கள் கோட்டைகளை இடித்து, ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று தடை போட்டார்கள். அதையும் தாண்டி ஒரு வாள் மிஞ்சியிருந்தால் அது பெரும் பொக்கிஷம். பக்கத்தில் ஒரு போலியை வைத்துவிட்டால் அதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் யார் கொடுத்தது, எப்படி அந்த வீட்டுக்கு வந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறோம். ஆச்சியுடையது போன்ற பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். பழைய பெயரை அரம் போட்டு அழித்து வேறு பெயர் வெட்டியிருந்தால் அளவு குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பென்சன் காகிதத்தோடு ஒப்பிடுவோம்.

துப்பாக்கியை நேரே எங்களிடம் கொண்டுவர வேண்டாம். முதலில் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் விடாது என்பதையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் மனதில் வையுங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும். பழைய இரும்புக்கோ காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் இருப்பதுதான் நல்லது. ஆகவே காற்றுப் புகாத கண்ணாடி அலமாரி இரண்டு, உள்ளே போட ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி, அமிலமில்லாத காகித உறைகள், இரும்புக்குப் பூசும் மெழுகு, வெர்னியர் அளவுகோல், தராசு எல்லாம் வேண்டும். மொத்தம் 2,40,000 ரூபாய் ஆகிறது. இதுவரை சேர்ந்தது 85,000. அதில் முதல் 500 ரூபாய் அந்த ஆச்சி கொடுத்தது. அடைமழைக்கு முன்னால் அலமாரிகள் வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் தவிப்பு.

நூறு ரூபாயானாலும் கொடுங்கள், ரசீது உண்டு. தினமும் மாலை 6 முதல் 8 மணிவரை வாசகசாலையில் இருப்போம். வரவு செலவுக் கணக்கை மாதம் ஒரு தடவை அங்கே பலகையில் ஒட்டுவோம்.

வீட்டில் பதக்கம் இருந்தால் துலக்காமல், முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். அந்தப் பதக்கம் வாங்கியவரை நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கையோடு கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்