கிறிஸ்துமஸ் படங்களில் இல்லாத வீடு

அன்புள்ள சேவியர்,

சிகாகோவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்திருப்பதும், மகள் வீட்டுக் குளிருக்கு ஒருவழியாகப் பழகிவிட்டதும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கு, அவர்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் பழைய கிறிஸ்துமஸ் படம் ஒன்றைக் கேட்டிருந்தாய். திரைப்படக் கழகத்தில் நாம் பார்த்துத் தீர்த்தவற்றை எல்லாம் நினைவில் புரட்டிப் பார்த்தும், நாற்பது, ஐம்பதுகளின் ஹாலிவுட்டிலிருந்து அப்படி ஒன்றையும் என்னால் எடுத்துத் தர முடியவில்லை.

‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் பெய்லி வீட்டுக் கறுப்பினப் பணிப்பெண் ஆனியை நினைவிருக்கிறதா? லில்லியன் ரண்டோல்ஃப் நடித்த வேடம். தந்தையும் மகனும் சாப்பிட்டபடி பேசுவதை அவர் காதில் வாங்கிக்கொண்டிருக்க, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் எல்லாம் நன்றாகக் கேட்குமே என்று மகன் ஜார்ஜ் கிண்டல் செய்வான். கேட்கும்படியாக நீங்கள் எதையாவது பேசினால்தானே என்று அவர் திருப்பிக் கொடுப்பார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. இறுதியில் ஜார்ஜைப் பண நெருக்கடியிலிருந்து மீட்க ஊரே பணத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, என்றாவது கணவன் வாய்த்தால் மணவிலக்குச் செலவுக்கு ஆகுமென்று சேர்த்த காசை அவரும் தருவார். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் ஆனிக்காகக் காத்திருக்க ஒரு வீடு உண்டா என்று படம் கேட்பதே இல்லை. இதுவாவது பரவாயில்லை, ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாடல் இடம்பெற்ற ‘ஹாலிடே இன்’ (1942) படத்தில், லிங்கன் பிறந்தநாள் பாட்டை வெள்ளைப் பாடகர் பிங் கிராஸ்பி, கறுப்பினத்தவர் போல வேடமிட முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடுகிறார்.

கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடிய காட்சிகளை, கறுப்பினத்தவரைத் திரையில் ஏற்காத தென் மாநிலத் திரையரங்குகளுக்காக வெட்டியெடுக்க வசதியாகக் கதையோடு ஒட்டாமல் எடுத்த காலம் அது. ஒரு குடும்பம் முழுவதும் கறுப்பினத்தவராக இருந்தால் எதை வெட்டுவது? வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனி திரைக்கு வந்த அதே 1946-இல் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ பாடிப் பதிவுசெய்தார். அந்தக் குரல் வெள்ளையர் வீட்டுக் கூடங்களிலும் ஒலித்தது. 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹான்காக் பார்க் பகுதியில் அவரே வீடு வாங்கியபோதோ, அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்கள்.

பிற்காலத்தில் படங்கள் வந்தன. ‘கிளாசிக்’ என்ற பட்டம் மட்டும் வரவில்லை. தரக்குறைவுதான் காரணம் என்று நான் ஒப்பமாட்டேன். 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் தொலைக்காட்சி நிலையங்கள் செலவின்றித் திரும்பத் திரும்ப ஒளிபரப்பி, வெளியான நாளில் வசூலில் சோடைபோன ‘வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தைப் பண்டிகைச் சடங்காகவே ஆக்கிவிட்டன. 1996-இல் வந்த ‘தி பிரீச்சர்ஸ் வைஃப்’ படத்துக்கோ, 2007-இல் வந்த ‘திஸ் கிறிஸ்துமஸ்’ படத்துக்கோ அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. போதாக்குறைக்கு, வெள்ளைக் குடும்பத்தின் கதை எல்லோருக்கும் பொதுவாம். கறுப்பினக் குடும்பத்தின் கதை அவர்களுக்கு மட்டுமாம். விளம்பரம் செய்பவர்களே இப்படிப் பிரித்துவிட்டால், மற்றவர்கள் வீட்டுக்குள் அது எப்படிப் போய்ச் சேரும்?

ஆகவே, ‘பழைய’ என்ற நிபந்தனையை நீ தளர்த்தத்தான் வேண்டும். வைட்னி ஹூஸ்டனின் பாட்டுக்காக ‘பிரீச்சர்ஸ் வைஃப்’ பார்க்கலாம். இருந்தாலும் 1947-இல் வெள்ளையர்களை வைத்து எடுத்த படத்தின் மறுஆக்கம்தான் அது. ‘ஆல்மோஸ்ட் கிறிஸ்துமஸ்’ (2016) திரைக்கதையில் ஓட்டைகள் உண்டு, சண்டைகளும் அதிகம். ஆயினும் டேனி குளோவர், மறைந்த மனைவியின் கைப்பக்குவத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் ‘பை’ என்ற பலகாரத்தைச் செய்யத் திண்டாடுவதற்காகவே முதலில் அதைப் போடு. பக்கத்து வீட்டார் ஆண்டுதோறும் எந்தப் படத்தைப் பார்க்கிறார்கள் என்றும் கேட்டு எழுது. நானும் தேடிப் பார்க்கிறேன்.

உன்,
இராமநாதன்