ஒலிப்பதிவு என் பொறுப்பு

மதுரை,
புரட்டாசி மாதம்

அன்புத் தோழிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே, மருத்துவரிடம் போ.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். பணி ஓய்வு பெற்ற கையோடு மறுபடியும் மாணவியாகிவிட்டேன். மாலை நேரத்தில் ஆவணப்படப் பயிற்சி. உடன் படிப்பவர்கள் அனைவரும் என் மகனைவிடச் சின்னவர்கள். முதலில் 'மேடம்' என்றார்கள், இப்போது 'அம்மா' என்கிறார்கள்.

எல்லோரும் சேர்ந்து ஒரு படம் முடிக்க வேண்டும் என்பது பயிற்சியின் நிபந்தனை. விளாச்சேரி மண்பொம்மைகளைப் பற்றி எடுக்கிறோம். திருப்பரங்குன்றம் பக்கம் கொலு பொம்மை வாங்கப் போவோமே, அதே ஊர்தான். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். தசாவதாரம் செய்யும் கைகளே கிறிஸ்துமஸ் குடிலுக்குக் குழந்தை இயேசுவையும் செய்கின்றன.

யாரும் விரும்பாத ஒலிப்பதிவு எனக்கு வந்தது. கேமரா வேறு, ஒலிக்கருவி வேறு என்பதால், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் நின்று ஒருமுறை கை தட்டுவேன். பின்னால் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் வாய்மூடி இருக்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்வேன். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். ஆடி மாதத்தில், கோயில் ஒலிபெருக்கிக்கு நடுவே இதைச் செய்து பார், பொறுமை தானாக வரும். கேமராப் பையன் எனக்கு ஒரு பாடம் நடத்தினான்: நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, ஆகவே நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் திறந்திருப்பது நொடியில் 50இல் ஒரு பங்கு. மாற்றி வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்குமாம்.

உனக்குச் சொல்ல நினைத்த விஷயம் இனிமேல்தான். நாங்கள் பேட்டி எடுத்ததெல்லாம் ஆண்களை. அவர்கள்தான் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள், கேமரா நின்ற பிறகு என்னிடம் பேசத் தொடங்கினார். மைக் என் கையில், கருவி ஓடுவதும் அவருக்குத் தெரியும். மண் விலை, மழை பெய்தால் சூளை மூட்ட முடியாத நாட்கள், வட்டிக்கு வாங்கிய பணம் என்று எல்லாவற்றையும் தூரிகையை நிறுத்தாமலே சொன்னார். திண்ணையில் கிடைக்காத படம் அந்தப் பேச்சில் இருந்தது.

எடிட்டிங்கில் அதைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளினார்கள். சம்மதப் படிவம்தான் இருக்கிறதே என்றார்கள். எடுத்துப் பார்த்தால் கையெழுத்து மாமனாருடையது! அந்த அம்மாவிடம் போட்டுக் காட்டாமல் ஒரு சொல்லும் படத்தில் வராது என்று நான் பிடிவாதமாக நின்றேன். காட்டினோம். சிரித்துக்கொண்டே கேட்டவர், வட்டிப் பேச்சு மட்டும் வேண்டாம் என்றார். "அதுதான் படத்தின் உயிரே" என்று ஒருவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கடன்காரர் வாசலுக்கு வந்தால் பதில் சொல்லப்போவது அவனில்லையே. அந்தப் பகுதியை நீக்கிவிட்டோம்.

இப்போது வேறு சண்டை. அவரவர் எடுத்த ஷாட் அவரவருக்குத் தங்கம், வெட்ட விடமாட்டேன் என்கிறார்கள். கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைப் பற்றிச் சொன்னேன். 1940இல் வெளியான காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றி, யார் யாரோ எடுத்து வைத்திருந்த சுமார் 50,000 அடி படச்சுருளைச் சேகரித்தவர். அவ்வளவையுமா படத்தில் வைத்தார் என்று கேட்டேன். வாய் மூடினார்கள், ஒரு மாலைக்கு.

படத்தின் அடியில் ஓடும் ஆங்கிலத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) உன் தலையில். பாதி வாழ்நாள் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் திருத்தியவள் நீ, தப்பிக்க முடியாது. ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்குள் அடங்க வேண்டுமாம். தீபாவளிக்கு முன் அனுப்புகிறேன். அந்த அம்மா பேசும் இடத்தில் மட்டும் இலக்கணத்துக்காக எதையும் மாற்றிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி