சுண்டெலியும் கெண்டையும்

பொகவந்தலாவை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ யாழ்ப்பாண வைத்தியபீடத்திலிருந்து பேசியபோது, உடற்கூற்றியலில் ஆங்கிலத்தில் வரும் பெயர்கள் கூழாங்கற்களைப் போல வாய்க்குள் உருள்கின்றன, ஒன்றும் மனத்தில் தங்கவில்லை என்று சொன்னாய். பாடசாலையில் உயர்தர வகுப்பில் தமிழில் படித்த சொற்கள் இனி எதற்கும் உதவாது, இரண்டு வருடம் அவற்றை மனனம் செய்தது வீண் என்றும் சொன்னாய். அந்த இரண்டாவது பேச்சு என் மனத்தைத் தைத்தது. முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் தமிழும் விஞ்ஞானமும் கற்பித்த எனக்கு, அந்த நேரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல வாய்க்கவில்லை. நீ வீட்டில் விட்டுச்சென்ற உயிரியல் புத்தகத்தையும் என்னிடமுள்ள பழைய அகராதிகளையும் மேசையில் விரித்துவைத்து நான்கு இரவுகளாகப் பார்த்ததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் மஸில் என்ற சொல்லை எடுத்துக்கொள். அது மஸ்குலஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் சிறிய எலி, நம் பேச்சில் சுண்டெலி. முழங்கையை மடக்கி நீட்டும்போது மேற்கையின் தோலுக்கடியில் ஏதோ ஒன்று ஓடிப் பதுங்குவது போலத் தெரிகிறதல்லவா? அதைக் கண்ட மனிதனுக்குத் தன் வீட்டு மூலையில் ஓடும் சுண்டெலி நினைவுக்கு வந்திருக்கிறது. கிரேக்கத்திலும் ஒரே சொல்தான் எலிக்கும் தசைக்கும் வழங்கியது; மயோகார்டியம், மயோபதி என்று நீ படிக்கும் சொற்களின் தலையில் நிற்கும் மயோ அந்தச் சொல்தான்.

நம்மவர்கள் உடம்பில் எலியைக் காணவில்லை, மீனைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழே, பின்புறத்தில், நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும் சதையைப் பார்த்துக் கெண்டைக்கால் என்றார்கள். ஆற்றில் துள்ளும் கெண்டை மீனின் உருவம் அப்படியே அங்கே இருக்கிறது. கிரேக்கர்கள் அதே சதையைக் காலின் வயிறு என்றார்கள். கேஸ்ட்ரொக்னீமியஸ் என்ற நீண்ட பெயரைப் பிரித்தால் வயிறும் காலும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசையின் பெயர் சோலியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் செருப்பையும் குறிக்கும், செருப்பைப் போல் தட்டையான ஒரு மீனையும் குறிக்கும். அங்கேயும் ஒரு மீன் வந்து படுத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது.

இதை எழுதும்போது உன் அப்பாயியின் நினைவு வந்துவிட்டது. நீ மிகச் சிறியவளாக இருந்தபோது ஓர் இரவு அவருக்குக் காலில் வலி கண்டு நடக்க முடியாமல் போகவே, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். வைத்தியர் சிங்களவர். தமிழ் அவருக்குத் தெரியாது, என் சிங்களமோ கடைத்தெருவோடு நின்றுவிட்ட சிங்களம். வலியை எப்படி விளக்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கையில், அப்பாயி தன் காலைப் பிடித்துக்கொண்டு, "கெண்டை பெரண்டுருச்சு சாமி" என்றார். வைத்தியர் உடனே தலையசைத்து அந்த இடத்தில் சரியாகக் கைவைத்தார். சிங்களத்திலும் அதைக் கெண்டா பெரளெனவா என்றே சொல்வார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். நான் தேடிய சொல் அப்பாயியின் வாயில் இருந்தது, வைத்தியரின் வாயிலும் இருந்தது. படித்த எனக்கு மட்டும் அது ஒரு கொச்சைச் சொல்லாகத் தோன்றியிருந்தது.

இனி, நீ வீண் என்று சொன்ன உயர்தரச் சொற்களுக்கு வருகிறேன். பான்கிரியாஸ் என்பதை நாம் சதையி என்று படித்தோம். தமிழ்நாட்டில் அதைக் கணையம் என்கிறார்கள். கிரேக்கத்தில் பான் என்றால் எல்லாம், கிரியாஸ் என்றால் இறைச்சி. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுவதும் சதையாகவே இருப்பதால் அந்தப் பெயர். சதையி என்று வைத்தவர் கிரேக்கச் சொல்லின் உள்ளே இறங்கி, அதன் பொருளைக் கையோடு எடுத்து வந்திருக்கிறார். முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் சேக்ரம் என்பது லத்தீனில் புனிதமான எலும்பு. நம் புத்தகம் அதைத் திருவென்பு என்கிறது. பலியிட்ட விலங்கின் அந்தப் பகுதியைத் தெய்வத்துக்குப் படைத்தார்கள் என்பது அந்தப் புனிதத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அதற்கும் கீழே உள்ள கொக்சிக்ஸ், கிரேக்கத்தில் குயிலைக் குறிக்கும் சொல். அந்தச் சிறிய எலும்பு குயிலின் அலகைப் போல வளைந்திருக்கிறது என்பதால் குயிலலகு என்றே நாமும் படித்தோம். முன்கை எலும்பான ரேடியஸின் பெயர் லத்தீனில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். நம் சொல் ஆரை. நீ இதுவரை பாரமாகச் சுமந்ததாக நினைக்கும் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் இப்போது நீ படிக்கும் சொல்லுக்கு எழுதி வைத்த பொழிப்புரை. சேக்ரம் என்று கேட்டவுடன் திருவென்பு என்று உன் மனம் சொல்லுமானால், பக்கத்தில் இருப்பவர் மனனம் செய்து பெறுவதை நீ பொருளோடு பெறுகிறாய்.

எல்லா இடத்திலும் இரு மொழியும் ஒத்துப்போவதில்லை, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. கழுத்தின் கீழே குறுக்காக இருக்கும் எலும்பை லத்தீனில் பெயர் வைத்தவர்கள் சிறிய சாவி என்று நினைத்துக் கிளாவிக்கிள் என்றார்கள். நாம் அதைக் காறையென்பு என்கிறோம். காறை என்பது முற்காலத்தில் பெண்கள் கழுத்தில் பூண்ட வளைந்த நகை. அவர்கள் பூட்டைத் திறக்கும் பொருளையும் நாம் பூணும் பொருளையும் அதே எலும்பில் கண்டிருக்கிறோம்.

நாடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு பிழையே பெயராக நின்றுவிட்டது. ஆர்டரி என்ற சொல் கிரேக்கத்தில் முதலில் காற்றுக் குழாயைக் குறித்தது. இறந்த உடலை அறுத்துப் பார்த்தவர்கள் நாடிகள் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதைக் கண்டு, அவற்றில் காற்றுத்தான் ஓடுகிறது என்று முடிவு செய்தார்கள். மூச்சுக் குழாயும் அவர்களுக்கு ஓர் ஆர்டரிதான். வளையங்களால் சொரசொரப்பாக இருந்ததால் அதைச் சொரசொரப்பான ஆர்டரி என்றார்கள். அந்தத் தொடரில் சொரசொரப்பு என்ற பகுதி மட்டும் தங்கி டிரேக்கியா ஆயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் கேலன் உயிருள்ள விலங்கின் நாடியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டி, உள்ளே இரத்தம் இருப்பதைக் காட்டினார். அந்த இரத்தம் உடலைச் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்பதை ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி எழுதி வெளியிட 1628 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் காற்றின் பெயர் மாறவில்லை. தமிழ்நாட்டில் இதே நாடியைத் தமனி என்கிறார்களே, அந்தச் சமஸ்கிருதச் சொல்லின் வேரைத் தேடினால் ஊதுதல் என்ற பொருள் கிடைக்கிறது. எங்கோ இருந்த இரண்டு மொழிகள் ஒரே குழாயில் காற்றைக் கேட்டிருக்கின்றன. நம் சொற்களான நாடியும், வெயினைக் குறிக்கும் நாளமும் அந்தப் பிழைக்குள் போகவில்லை. இரண்டும் உள்ளே துளையுள்ள தண்டைக் குறிப்பவை. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு அவை தானாக விளங்கும்.

தமிழில் உள்ளுறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, விரலால் தொட்டும் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பார். ஒன்று விரல் பட்டதும் நுரையைப் போல அமுங்கும், ஒன்று கனத்துக் கெட்டியாக இருக்கும், ஒன்று மண்ணைப் போல உதிரும். நம் பாடப்புத்தகம் சுவாசப்பை என்றும் ஈரல் என்றும் சொல்கிறது. அது வகுப்புக்குப் பொருத்தமாக இருக்கலாம், ஆனால் அந்தத் தொடுகை அதில் இல்லை என்பது என் கருத்து.

காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லத்தீனில் சம்மட்டி, பட்டடை, குதிரைச் சேணத்தின் அங்கவடி. ஒரு கொல்லன் பட்டறையை நினைத்துக்கொண்டால் அவை மறக்காது. ஆனால் மண்டையோட்டைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பை நீ மேசையில் வைத்துப் பார்க்கும்போது சற்று நிதானிக்க வேண்டும். அதற்கு அட்லஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கக் கதையில் வானத்தைத் தோளில் தாங்கி நின்றவனின் பெயர் அது. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் முழுவதையும் கழுத்தில் இறக்கி, மலைச்சரிவில் காலையிலிருந்து மாலைவரை ஏறி இறங்கிய உன் அப்பாயிக்கும் உன் அம்மாவுக்கும் அந்த எலும்பின் வேலை என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடரி வலி என்று தோட்டத்திலிருந்து ஒரு பெண் உன்னிடம் வரும் நாளில், அந்தப் பெயர் உன் நினைவுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நீ படிக்கும் ஊரிலேயே வைத்தியம் தமிழில் கற்பிக்கப்பட்ட காலம் உண்டு என்பதையும் அறிந்துகொள். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மனுஷ அங்காதிபாதம் என்ற உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அடுத்த வருடம் அவர் தாயகம் திரும்பினார். அங்காதிபாதம் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு, அடிமுதல் முடிவரை வருணித்துப் பாடும் நம் புலவர்களின் பாதாதிகேசம் ஞாபகத்துக்கு வருகிறது. ஓய்வு கிடைக்கும்போது ஒருநாள் மானிப்பாய்க்குப் போய்வா.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரே உறுப்புக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கி, ஏறக்குறைய 50,000 பெயர்கள் குவிந்திருந்தன. 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடற்கூற்று அறிஞர்கள்தான் அவற்றைச் சுமார் ஐந்தாயிரமாகக் குறைத்தார்கள். உனக்கு முன்பு படித்தவர்களின் சிரமத்தை நினைக்கும்போது மனம் இரங்குகிறது.

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கண்ணின் நடுவில் உள்ள கரிய வட்டத்தைப் பியூப்பில் என்கிறீர்கள். லத்தீனில் அது சிறிய பொம்மை. ஒருவர் கண்ணை மிக அருகில் நின்று பார்த்தால், பார்ப்பவரின் உருவமே சிறு பொம்மையாக அதில் தெரியும். அதனால் வந்த பெயர் அது. கிரேக்கர்களும் அதைச் சிறுமி என்றே அழைத்தார்கள். தமிழில் நாம் கண்மணி என்கிறோம், ஆனால் பழைய பெயர் பாவை. பாவை என்றாலும் பொம்மைதான். வள்ளுவர் 1123ஆம் குறளில் கருமணியில் இருக்கும் அந்தப் பாவையை விளித்து, என் காதலிக்கு இருக்க இடம் வேண்டும், நீ போய்விடு என்று ஒருவன் சொல்வதாகப் பாடியிருக்கிறார். ரோமிலும் கிரேக்கத்திலும் தமிழகத்திலும் யாரோ ஒருவர் இன்னொருவரின் முகத்தை அவ்வளவு அருகில் கொண்டுவந்து பார்த்திருக்கிறார். நீ பிறந்த மூன்றாம் மாதம், லயத்து வாசலில் வெயில் படும் இடத்தில் உன்னை மடியில் வைத்திருந்தபோது, உன் கண்ணுக்குள் நான் என்னைப் பார்த்தேன். அப்போது இந்தச் சொற்கள் எதுவும் எனக்குத் தெரியாது.

உன்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வார்டில் நோயாளிகள் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொற்களைக் குறித்துவை. நம் பக்கத்தில் இடுப்பு வலிக்கிறது என்பதை அங்கே நாரி நோகிறது என்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழங்காலின் முன்பக்க எலும்பை உன் அப்பாயி சிரட்டை என்பார். பட்டெல்லா என்ற லத்தீன் சொல்லுக்கும் சிறிய தட்டு என்றுதான் பொருள். அங்குள்ள முதியவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

உன் உயிரியல் புத்தகத்தைத் தேயிலைப் பொட்டலத்தோடு உன் பெரியப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான். எலும்புக்கூட்டுப் படத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். முன்கையில் ஆரைக்குத் துணையாக இருக்கும் அரந்தி என்ற எலும்புக்குப் பக்கத்தில் மட்டும் இடம் விட்டிருக்கிறேன், அந்தச் சொல்லை நீ எழுது.

உன் அன்புள்ள
அப்பா